கேஸ் ஜீப்பை விற்கச் சொல்லிவிடாதீர்கள், மச்சான்!

ஓசூர்,
ஞாயிறு மாலை

மகா கனம் பொருந்திய பெரிய மச்சான் சாலமோன் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை சாராளின் கணவன் ஜெபதுரை பணிவோடு எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் ஜீப்பும் சுகம். சாராளும் சுகம்தான், ஆனால் என்னோடு பேசுவதில்லை. சேலத்தில் தாங்களும் அக்காவும் நலமாயிருக்கவும், தங்கள் முழங்கால் வலி தீரவும் தினமும் ஜெபிக்கிறேன். இந்த வாரம் கொஞ்சம் அதிகமாகவே ஜெபிக்கிறேன். காரணம் கீழே வருகிறது.

சாராள் சீக்கிரமே தங்களுக்குப் போன் செய்வாள். "அண்ணா, இந்த கேஸ் ஜீப்பை வச்சுக்கலாமா, வித்துடலாமா? நீங்க சொல்றதுதான் முடிவு" என்று கேட்பாள். புருஷன் பேச்சை அவள் கேட்கமாட்டாள், போதகர் பேச்சைப் பாதி கேட்பாள், தலைமை ஆசிரியராயிருந்த அண்ணன் பேச்சு மட்டும் அவளுக்கு வேதவாக்கு. ராயக்கோட்டையில் தக்காளி மண்டி வைத்திருக்கும் ஒருவர் வண்டியை இரண்டு தரம் சுற்றிப் பார்த்துவிட்டு, "நீங்க சரின்னா நாளைக்கே ஓட்டிக்கினு போறேன்" என்று வேறு சொல்லிவிட்டார். என் ஜீப்பின் உயிர் தங்கள் வாயில் இருக்கிறது, மச்சான். போனில் சொல்லலாம் என்றால் பக்கத்திலேயே சாராள் நிற்கிறாள். ஆகவே இந்தக் கடிதம்.

கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷனிலிருந்து ரிட்டயர் ஆனவர்கள் எல்லாரும் சோபா வாங்கினார்கள், நான் ஜீப் வாங்கினேன். நாட்றாம்பாளையத்துக்கு அந்தப் பக்கம் மாமா சாராளுக்கு எழுதிவைத்த புளியந்தோப்புக்குப் போக, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி இல்லாமல் முடியாது. போன மழையில் என் பழைய காரைத் தாங்களே இறங்கித் தள்ளியிருக்கிறீர்கள், அந்த முழங்கால் வலிக்கே அதுதான் காரணம் என்று அக்கா சொன்னதாகக் கேள்வி. ஆனால் ஜீப் பெட்ரோலைக் குடிக்கவில்லை மச்சான், குளித்தது. அதனால்தான் பாகலூர் ரோட்டில் ஷெட் வைத்திருக்கும் ஆஞ்சப்பனிடம் விட்டு, முறைப்படி கேஸ் கிட் மாட்டி, ஆர்.சி. புத்தகத்திலும் ஏற்றினேன். ஆஞ்சப்பனுக்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் தண்ணி பட்ட பாடு. எதைக் கேட்டாலும், "ஒண்ணும் ஆவாது சார், ஏம் காது, ஏனு ஆகல்ல" என்று மூன்றிலும் தைரியம் சொல்வார். ஒரு தைரியத்தை மூன்று பாஷையில் சொல்லவேண்டியிருக்கிறதே என்று எனக்கு அப்போதே யோசனை வந்திருக்க வேண்டும். பின் சீட்டுக்குப் பின்னால் கேஸ் டேங்க் உட்கார்ந்துகொண்டது. சாராள் அதைப் பார்த்துவிட்டு, "அடுப்படியில ஒரு சிலிண்டரு இருக்கறது பத்தாதுன்னு, போற எடத்துக்கெல்லாம் ஒண்ணு தூக்கிக்கினு வரணுமா?" என்று கேட்டாள். அவ்வளவுதான், வேறு எதிர்ப்பு அன்றைக்கு இல்லை.

இந்த வண்டியைக் காலையில் பெட்ரோலில் எழுப்ப வேண்டும், இன்ஜின் சூடானதும் ஒரு சுவிட்சைத் தட்டி கேஸுக்கு மாற்ற வேண்டும், ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் திரும்ப பெட்ரோலுக்கு வர வேண்டும். சுவிட்ச் சாராள் பக்கம் இருந்ததால் அந்த டூட்டியை அவளுக்கே கொடுத்தேன். நான் "மாத்து" என்றால் அவள் மாற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் நான் சொல்வதற்கு முன்பே மாற்றிவிட்டு ஜன்னல் வழியாக வேடிக்கை பார்ப்பாள், எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்கள். கேஸில் ஓடுகிற பெருமையில் நான் பெட்ரோல் போடுவதையே மறந்துபோக, ஒரு நாள் காலையில் வண்டி எழுந்திருக்கவே மாட்டேன் என்றது. பெட்ரோல் பங்க் வரை தெருவில் தள்ளினோம். தள்ளினோம் என்றால் சாராளும் பக்கத்து வீட்டு நல்லுசாமியும் தள்ளினார்கள், நான் ஸ்டீயரிங் பிடித்திருந்தேன். அந்த இடத்துக்கும் ஒரு ஆள் வேண்டுமல்லவா?

பிறகு சோப்புத் தண்ணி. கேஸ் எங்காவது கசிந்தால் குமிழி விடும் என்பதால், தினமும் காலையில் ஒரு கிண்ணத்தில் நுரை கலக்கி, பெயின்ட் பிரஷால் ஒவ்வொரு ஜாயின்ட்டாகத் தடவிப் பார்ப்பேன். முப்பது வருஷம் குவாலிட்டி பார்த்த கை சும்மா இருக்குமா? நல்லுசாமி காம்பவுண்டுக்கு மேலே எட்டிப் பார்த்து, "சார் ஜீப்புக்கு ஷேவிங் முடிஞ்சுதா?" என்று தினமும் கேட்பார். அது பரவாயில்லை. நுரை நன்றாக வருகிறதே என்று நான் எடுத்த பாட்டில், நம் மகள் ஃபெபா பெங்களூரிலிருந்து அம்மாவின் தலைக்கென்று வாங்கிவந்த ஷாம்பு என்பது தீர்ந்த பிறகுதான் தெரிந்தது. வண்டியின் பைப்புகள் அப்போது என்ன மினுமினுப்பு, என்ன வாசனை! சாராள் அதை ரசிக்கவில்லை.

நம் சபையில் ஒரு பெரியவர் தவறியபோது நடந்ததையும் அவள் தங்களிடம் பெரிதுபடுத்திச் சொல்வாள், ஆகவே நானே சொல்லிவிடுகிறேன். கேஸ் வண்டிக்கு ஸ்பார்க் பிளக்கும் அதன் வயரும் சுத்தமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நெருப்பு திரும்பி ஏர் ஃபில்டரில் வெடிக்கும். அன்று ஒரு வயர் தளர்ந்திருந்தது. வீட்டு வாசலில் எல்லாரும் கண் மூடி ஜெபத்தில் இருக்க, நான் மரியாதையாக மெதுவாக வந்து நிறுத்தப் போக, 'படார்' என்று ஒரு சத்தம். இறந்தவரைத் தவிர எல்லாரும் எழுந்துவிட்டார்கள். போதகர் ஆமென் சொன்னாரா, ஐயோ சொன்னாரா என்ற வழக்கு இன்றுவரை தீரவில்லை. ஆஞ்சப்பன் பழைய வயரைக் கழற்றிப் புதுசு மாட்டினார், அதோடு அந்த வெடி நின்றது. ஆனால் நான் வருகிறேன் என்றால் சபையில் சிலர் இன்னமும் காதைப் பொத்திக்கொள்கிறார்கள், அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

அஞ்செட்டி மலையில் வண்டி நின்றது இன்னொரு கதை. ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்ததை நான் கவனிக்கவில்லை. டேங்கிலிருந்து வருகிற கேஸ் ரெடியூசர் என்ற டப்பாவுக்குள் புகுந்துதான் ஆவியாகும், ஆகும்போது அந்த டப்பாவையே சில்லிட வைக்கும். ரேடியேட்டரின் சுடுதண்ணீர் அதைச் சுற்றி ஓடினால்தான் சரிப்படும். அன்று ஓடவில்லை. பானெட்டைத் திறந்தால், சித்திரை வெயிலில், மச்சான், டப்பா முழுக்க வெள்ளை வெளேரென்று ஐஸ்! எனக்கு ஒரு பக்கம் பயம், ஒரு பக்கம் பெருமை. போட்டோ எடுத்தேன். பிறகு சாராள் மடியிலிருந்த ஃபிளாஸ்க்கை வாங்கி, சுக்குக் காப்பி முழுவதையும் அந்த டப்பாவின் தலையில் ஊற்றினேன். ஐஸ் இளகியது, ரேடியேட்டருக்கும் தண்ணீர் ஊற்றினோம், வண்டி கிளம்பியது. "தலை நோவுதுன்னு நான் போட்டுக்கினு வந்த காப்பி அது" என்று சாராள் சொன்னாள்.

இப்போது முட்டைக்கோஸ் விஷயத்துக்கு வருகிறேன். இதற்குத்தான் எல்லாமே. நேற்று சாயங்காலம் ஷிஃப்ட் விடுகிற நேரம். பெண்கள் சங்கத் தலைவி லிபியா, பாஸ்டரம்மா, சாராள் மூவரையும் ஏற்றிக்கொண்டு வீட்டு ஜெபத்துக்குப் போகிறேன். ராயக்கோட்டை ரோட்டில் குப்பென்று ஒரு நாற்றம். கேஸுக்கு அழுகின முட்டைக்கோஸ் வாசனையைக் கலந்துதான் விடுவார்கள், கசிந்தால் மூக்குக்குத் தெரியட்டும் என்று. நான் ஒரு நொடியும் யோசிக்கவில்லை. நடுரோட்டில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, "கேஸ்! எல்லாரும் எறங்குங்க! போனைத் தொடாதீங்க! ஓடுங்க!" என்று கத்திவிட்டு, பின்னால் போய் டேங்க் வால்வை மூடினேன். பாஸ்டரம்மா செருப்பை விட்டுவிட்டு ஓடினார்கள். பின்னால் வந்த கம்பெனி பஸ்களையெல்லாம் கை காட்டி நிறுத்தினேன். ஒரு பஸ்ஸில் தெலுங்கு, ஒரு பஸ்ஸில் கன்னடம், ஒரு பஸ்ஸில் இந்தி என்று மூன்று வகையாகத் திட்டு வந்தது. நான் சோப்பு நுரையைத் தடவினேன், ஒரு குமிழிகூட இல்லை. ரெடியூசரில் இல்லை, பைப்பில் இல்லை, வால்வில் இல்லை. கடைசியில் ஒரு போக்குவரத்துக் காவலர் மூக்கைப் பிடித்துக்கொண்டு டேங்குக்குப் பின்னால் கையை விட்டு, கறுப்பாக, சொட்டச் சொட்ட ஒன்றை வெளியே எடுத்தார். போன மாதம் நல்லுசாமியின் தோட்டத்து முட்டைக்கோஸ் மூட்டைகளை உழவர் சந்தைக்கு ஏற்றிப் போனேன். அதிலொன்று உருண்டு அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. "இதாங்க சார் உங்க கேஸு" என்றார் அவர். பஸ் பஸ்ஸாகச் சிரித்தார்கள். சாராள் மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, "எங்க அண்ணன் வச்சுக்கன்னா வச்சுக்கறேன், வித்துடுன்னா வித்துடறேன். உன்னோட நான் பேசறதா இல்ல" என்றாள், அதோடு சரி.

மச்சான், தாங்கள் படித்தவர், நியாயம் தெரிந்தவர், தாங்களே சொல்லுங்கள். நாறியது நிஜம். நான் செய்தது சரி. அது உண்மையில் கேஸாக இருந்திருந்தால் இன்று லிபியா என்னைத் தெய்வமாகப் பார்ப்பார். முட்டைக்கோஸாகப் போனதற்கு நான் பொறுப்பா? இந்த ஜீப்பைவிடப் பத்திரமான வண்டி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிடையாது, தினமும் குளித்துவிட்டு வருகிற வண்டி வேறு எது? அது போய்விட்டால் நான் காலையில் எழுந்து எதைத் தடவிப் பார்ப்பேன்? சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அதன்மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. சாராள் கேட்டால், "வச்சுக்கம்மா" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். தங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

அக்காவுக்கு என் வணக்கம். தங்கள் வீட்டுப் பேரப்பிள்ளைகள் நீடூழி வாழக் கர்த்தர் துணையிருப்பாராக. தங்கள் முழங்கால் மலையேறும் பலம் பெறுவதாக.

இப்படிக்கு,
தங்கள் வார்த்தைக்குக் காத்திருக்கும்
ஜெபதுரை

பின்குறிப்பு: திங்கள் காலை. தபாலில் போடலாமென்று வாசலுக்கு வந்தேன், ஜீப்பைக் காணோம். திருட்டு என்று போலீசுக்குப் போன் செய்யப்போகும் சமயத்தில் சாராளே அதை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்துகிறாள்! உள்ளே லிபியாவும் பாஸ்டரம்மாவும். கேஸ் பங்க்குக்குப் போய் ரொப்பிக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஒரு இடத்திலும் நிற்கவில்லையாம், வெடிக்கவில்லையாம், நாறவில்லையாம். அவளுக்கு லைசென்ஸ் இருப்பதையே நான் மறந்திருந்தேன். லிபியா என்னிடம், "அண்ணா, மாசாமாசம் நாட்றாம்பாளையத்துல ஜெபக்கூட்டம். மேல ஏற இந்த வண்டிதான் சரி. ஆனா நீங்க ஓட்டினா ஒவ்வொரு வாசனைக்கும் எறக்கி விடுவீங்க, அதனால சாரா அக்காவே ஓட்டட்டும்னு சங்கத்துல முடிவு பண்ணிட்டோம்" என்கிறார். சாராளும் என்னோடு பேசத் தொடங்கிவிட்டாள். "நீ பின்னால டேங்க் பக்கத்துல குந்திக்க, சோப்புத் தண்ணி கிண்ணத்தை மடியில வச்சுக்க" என்பதுதான் முதல் பேச்சு. ஆகவே மச்சான், மேலே எழுதிய அத்தனையையும் வாபஸ் வாங்குகிறேன். கேஸ் ஜீப் மகா ஆபத்து. அதை விற்கச் சொல்லி அவளுக்கு உடனே போன் பண்ணுங்கள், ராயக்கோட்டைக்காரர் இன்னமும் காத்திருக்கிறார். வாசலில் ஹாரன் அடிக்கிறாள், நான் கிளம்ப வேண்டும். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடக்கூட அவள் வண்டியில்தான் போக வேண்டியிருக்கிறது.