ரெண்டுங்கெட்டான் வீரன்

"செத்துட்டேன். மறுபடியும் செத்துட்டேன். எங்கய்யா தொலைஞ்ச நீ?" என்று அக்கா கத்தினாள்.

சலவைக்கூடத்தில் மதிய இடைவேளை. வெள்ளைத் துணிப் பிரிவை மேய்க்கிற அக்கா, துவைக்கும் இயந்திரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து செல்போனைக் குத்திக்கொண்டிருந்தாள். கீழே அழுக்குப் போர்வைக் குவியலில் சாய்ந்து ஒட்டடையும் அதையேதான் செய்துகொண்டிருந்தான். உயரமும் ஒல்லியும் சேர்ந்து வாங்கித் தந்த பெயர் அது. கலர்த் துணிப் பிரிவிலிருந்து போன வாரம்தான் அவனை இங்கே மாற்றியிருந்தார்கள். வந்த நாள் முதல் ஒரு பொத்தான் அறுந்தாலும் பழி அவன் தலையில்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் கலர்ப் பிரிவு. அவர்களோடுதான் இந்தச் செல்போன் சண்டை ஆட்டம். ஆட்டத்தில் தோற்கிற பிரிவு, சமையலறையிலிருந்து வரும் பிசுக்குத் துணிகளை ஒரு மாதம் துவைக்க வேண்டும். சோறு தின்னும்போதும் கையை விட்டுப் போகாத நாற்றம் அது.

"தோத்தா அத்தனையும் நீ ஒருத்தனே துவைக்கிற" என்று அக்கா முதலிலேயே சொல்லிவிட்டாள்.

ஒட்டடையின் வீரன் வாளும் வீசுவான், மந்திரமும் போடுவான். எதிரியை எரிப்பான், அடிபட்டவனைத் தேற்றுவான்.

"ஒண்ணு வாள்காரனை எடு, இல்ல மந்திரக்காரனை எடுன்னு அப்பவே சொன்னேன்" என்றார் மூன்றாவது ஆளான இஸ்திரிக்காரர். "ரெண்டுங்கெட்டானைக் கூட்டிக்கிட்டு வந்து நிக்கிற."

"ரெண்டும் தெரிஞ்சவன்ணே அவன். எப்ப எதை எடுக்கணும்னு ஆடுறவனுக்குத் தெரிஞ்சா போதும்."

"தெரிஞ்ச லட்சணத்தைத்தான் பாக்குறோமே. முதல்ல வைத்தியம் பாருய்யா, உயிர் போயிட்டிருக்கு."

ஒட்டடைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாளை உறையில் போட்டான். களத்தில் எல்லாருக்கும் முகமூடி. தன் பக்கத்து ஆளின் தலைக்கு மேல் நீலப் புள்ளி, எதிரிக்குச் சிவப்பு. நீலப் புள்ளிகளைத் தேடித் தேடி ஓடி, இருந்த சக்தியையெல்லாம் வாரி இறைத்துத் தேற்றினான்.

"போட்டாச்சு. இப்ப எல்லாரும் முழு உயிரோட இருக்கீங்க."

"யாருக்குப் போட்ட, உன் மாமனாருக்கா?" என்றாள் அக்கா. "எனக்கு ஒரு சொட்டு ஏறலை. அவனுங்க என்னடான்னா இப்பதான் குளிச்சுட்டு வந்த மாதிரி வர்றானுங்க."

"அப்ப நெருப்புச் சுவர் எழுப்புறேன். என்னைத் தாண்டி எவன் வர்றான்னு பாக்குறேன்."

எழுப்பினான். இரண்டு சிவப்புப் புள்ளிகள் நடுவில் மாட்டிக்கொண்டு துடித்தன.

"ரெண்டு பேர் வசமா சிக்கிட்டானுங்கக்கா."

"நாங்களும்தான்யா எரியுறோம்."

"கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்குங்க. அவனுங்கதான் முதல்ல சாவானுங்க."

முதலில் செத்தது இஸ்திரிக்காரர். செல்போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, "எனக்கு ஒரு சந்தேகம்" என்றார். "அவனுங்க மூணு பேர்தானே? நான் பாக்குறப்ப நாலு பேர் வந்தானுங்களே."

"நிழல் உருவம் விடுறானுங்கண்ணே. மந்திரத்துல அது ஒரு வித்தை. எங்கிட்டயேவா?"

"எல்லா வித்தையும் தெரியுது, ஒரு எழவும் நடக்கலை."

ஒட்டடை பல்லைக் கடித்துக்கொண்டான். அங்கே இருந்தபோதும் இதே ஏச்சு, இங்கே வந்தும் இதே ஏச்சு. எல்லா வேலையும் தெரிந்தவனை எவன்தான் மதிக்கிறான்?

"எனக்குக் கடைசி உயிர்" என்று அக்கா குரலைத் தாழ்த்தினாள். "பாறைக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கேன். ஒருத்தன் மோப்பம் பிடிச்சுக்கிட்டே வர்றான். ஓடி வாய்யா, புண்ணியமா போகும்."

"பாறையா? பக்கத்துலதான்க்கா இருக்கேன். அசையாதீங்க."

பாறைக்குப் பின்னால் ஒரு சிவப்புப் புள்ளி பதுங்கியிருந்தது. அக்காவை இத்தனை நேரம் ஓட ஓட விரட்டிய பயல் இவன்தான். ஒட்டடை வாளை உருவி, மிச்சமிருந்த நெருப்பு மந்திரம் மொத்தத்தையும் அதன்மேல் ஏற்றினான். ரெண்டுங்கெட்டான் என்று சொன்ன வாய்க்கெல்லாம் சேர்த்து ஓங்கி ஒரே வெட்டு.

திரை முழுக்கப் பொன் எழுத்தில் 'வெற்றி' என்று வந்தது.

"ஜெயிச்சுட்டோம்க்கா" என்று எழுந்தே விட்டான். "எவன்யா ரெண்டுங்கெட்டான்? வாளையும் மந்திரத்தையும் ஒண்ணா சேர்த்து வெட்டினேன் பாத்தீங்களா?"

அக்கா இயந்திரத்திலிருந்து மெதுவாக இறங்கி, தன் செல்போனை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். அதில் 'தோல்வி' என்றிருந்தது.

"அப்ப உங்க போன்ல ஏதோ கோளாறு."

"என் போனுக்கு ஒரு கோளாறும் இல்ல. உன் மண்டையிலதான்."

அவள் மேற்கொண்டு வாய் திறப்பதற்குள் கதவு திறந்தது. கலர்ப் பிரிவின் சாயக்காரர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, ஒட்டடையை அப்படியே கட்டிக்கொண்டார். அவருக்குக் கண்கூடக் கலங்கியிருந்தது.

"ஆளைத் தூக்கி இந்தப் பக்கம் போட்டாலும், ஆட்டத்துல எங்க அணியிலேருந்து பேரை எடுக்காம, இவங்க நடுவுலயே உக்காந்து எங்களை ஜெயிக்க வெச்சுட்டியே மாப்ள."