மரகதத்தின் அங்க அடையாளம்

கல்வி மாவட்டமாக அறிவிக்கப்பட்டு ஆறு வருடமான ஒரு காட்டில், குளத்தங்கரைத் தொடக்கப் பள்ளியில், வேதவல்லி என்ற எருமை தலைமை ஆசிரியையாக இருந்தாள். அங்கே வேறு ஆசிரியர் கிடையாது. யாருக்குத் தலைமை என்று யோசிக்க அவளுக்கு நேரமும் இல்லை. ‘மாவட்டப் பள்ளிச் செய்திகள்’ என்ற வாட்ஸ்அப் குழுவில் காலை ஏழு மணிக்கே தகவல்கள் வர ஆரம்பித்துவிடும். குடற்புழு மாத்திரை விவரம் பத்து மணிக்குள். கை கழுவும் நாள் புகைப்படம் பதினொரு மணிக்குள். கை இல்லாத மாணவர்கள் இருந்தால் தனிப் பட்டியல். வேதவல்லி எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு, மிச்ச நேரத்தில் பாடமும் நடத்துவாள்.

அந்த வருடம் ஐந்தாம் வகுப்பு முடித்தவர்களில் மரகதம் கெட்டிக்காரி. குளத்துத் தவளை சடையாண்டியின் மகள். அவர்கள் வீட்டில் ஆறாம் வகுப்புக்குப் போகும் முதல் ஆள் அவள்தான். அக்கரை நடுநிலைப் பள்ளியில் சேர மாற்றுச் சான்றிதழும் வாங்கியாகிவிட்டது.

திங்கட்கிழமை குழுவில் புதிய சுற்றறிக்கை வந்தது. ஆறாம் வகுப்பில் சேரும் ஒவ்வொருவரின் அங்க அடையாளத்தையும் நேரில் சரிபார்த்த பிறகே சேர்க்க வேண்டும். கடைசி நாள் வெள்ளி. இருநூறு தலைமை ஆசிரியர்களும் கட்டைவிரல் போட்டார்கள். வேதவல்லியும் போட்டாள். போட்ட பிறகுதான் மரகதத்தின் சான்றிதழ் நினைவுக்கு வந்தது.

அங்க அடையாளம் என்ற இடத்தில், ‘நீளமான வால்’ என்று இருந்தது.

ஒன்றாம் வகுப்பில் சேர வந்தபோது மரகதம் தலைப்பிரட்டை. தலையும் வாலும் தவிர அவளிடம் எழுத வேறு ஒன்றும் இருக்கவில்லை. கண்ணால் பார்த்ததை வேதவல்லி எழுதினாள். மூன்றாம் வகுப்பில் பின்னங்கால் வந்தது, நான்காம் வகுப்பில் முன்னங்கால். ஐந்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வுக்குள் வால் போய்விட்டது. அன்று வகுப்பே கைதட்டியது. முதலில் தட்டியவள் வேதவல்லி.

ஒருமுறை பதிவேற்றியதைப் பள்ளியில் திருத்த முடியாது. ஆகவே செவ்வாய்க்கிழமை மரகதத்தை முதுகில் ஏற்றிக்கொண்டு வேதவல்லி மாவட்ட அலுவலகத்துக்குப் போனாள். சடையாண்டி பின்னால் தாவித் தாவி வந்தான். அங்கே பல்லி ஏகாம்பரம் எழுத்தராக இருந்தார். போன மாதம் பீரோக் கதவில் சிக்கி அவருடைய வால் அறுந்துபோயிருந்தது. தன் கஷ்டம் அவருக்குப் புரியும் என்று வேதவல்லிக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. தவளைகளுக்கு வால் போவது இயற்கை என்று பொறுமையாக எடுத்துச் சொன்னாள்.

ஏகாம்பரம் முழுவதும் கேட்டார்.

“என்னுது விபத்து, டீச்சர். மெடிக்கல் சர்ட்டிபிகேட் வச்சிருக்கேன். இந்தப் பொண்ணுக்கு நடந்தது வளர்ச்சி. வளர்ந்துட்டான்னு சர்ட்டிபிகேட் குடுக்க இந்த ஆபீஸ்ல யாருக்கும் பவர் கிடையாது.”

அப்படியென்றால் என்னதான் செய்வது என்று வேதவல்லி கேட்டாள். வாலோடு வந்தால் பிரச்சினையே இல்லை என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே உதவி செய்கிற குரலில்தான் சொன்னார்.

புதன், வியாழன் இரண்டு நாளும் வேதவல்லி மனு எழுதினாள். வெள்ளிக்கிழமை காலை சடையாண்டி வெங்காயத்தாமரை வேரை நீளமாகத் திரித்துக் கொண்டுவந்து பள்ளி வாசலில் நின்றான். பொய் சொல்லக் கூடாது என்று தான் ஐந்து வருடம் பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளையின் முதுகில் அதை எப்படிக் கட்டுவது என்று வேதவல்லி தயங்கினாள். மணி பதினொன்றாகிவிட்டது. கட்டினாள். முடிச்சு வெளியே தெரியாதபடி அவளே சேற்றைப் பூசினாள்.

அக்கரைத் தலைமை ஆசிரியரான கழுதை, சான்றிதழைப் பார்த்தார், வாலைப் பார்த்தார், டிக் போட்டார். மரகதத்தின் முகத்தை அவர் பார்க்கவில்லை. அது படிவத்தில் கேட்கப்படவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு மாலை மரகதம் டீச்சரைப் பார்க்க வந்தாள். வால் நனைந்து கனத்திருந்தது. விளையாட்டு விழாவில் நீளம் தாண்டுதலில் கடைசியாக வந்ததாகச் சொன்னாள். நத்தை கூட அவளைப் பார்த்துப் பரிதாபப்பட்டதாம்.

“கழட்டி வச்சுட்டுத் தாண்ட வேண்டியதுதானே?”

“கழட்டினா நான் வேற ஆளாம், டீச்சர். பேர அடிச்சிருவாங்களாம்.”

வேதவல்லி முடிச்சைச் சற்றுத் தளர்த்திக் கட்டிவிட்டாள். அது மட்டும்தான் அவளால் முடிந்தது.

மறுநாள் குழுவில் செய்தி வந்தது. ‘இடைநிற்றல் இல்லாத காடு! தவளைச் சமூகத்திலிருந்து ஆறாம் வகுப்பு சென்ற முதல் மாணவி.’ கூடவே மரகதத்தின் படம். சரிபார்ப்பு நடந்ததற்கு ஆதாரமாக வாலைச் சுற்றிச் சிவப்பு வட்டம். இருநூறு கட்டைவிரல்கள். கீழே ஏகாம்பரம், உதவியவர்களுக்கு நன்றி என்று தனியாகப் போட்டிருந்தார்.

அடுத்த ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேரப் பதினேழு தலைப்பிரட்டைகள் வந்தன. பதினேழுக்கும் நல்ல நீளமான வால். வேதவல்லி ஒவ்வொன்றையும் நன்றாகப் பார்த்தாள். பிறகு பதினேழு படிவத்திலும் ஒரே மாதிரி எழுதினாள்: ‘இடது கன்னத்தில் ஒரு மச்சம்.’

எழுதி முடித்து, தேர்தல் பணியில் மீந்திருந்த அழியாத மைப் புட்டியைத் திறந்து, கொம்பு நுனியை அதில் தோய்த்துக்கொண்டு, பிள்ளைகளை வரிசையில் வரச் சொன்னாள்.

நீதி: சான்றிதழில் பொய்யையே எழுதுங்கள். உண்மை வளர்ந்துவிடும், பொய் வைத்த இடத்திலேயே இருக்கும்.