நாரைநாட்டில் தாமதம் இல்லை

நாரைநாடு என்றொரு நாடு இருந்தது. அங்கே கோபுர உயர நாரைகள் மனிதர்களை முதுகில் சுமந்து மலை தாண்டிப் பறக்கும். பறக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பெரும்பாலும் ஒற்றைக் காலில் நின்று தூங்கும்.

புறப்பாட்டு மண்டபத்தைச் சுற்றி அடிக்கடி மூடுபனி. நாரை எழும்புவது கண்ணுக்குத் தெரியாது என்பதால் அங்கே ஒரு பழைய வழக்கம். வலம்புரிச் சங்கு ஊதினால் நாரை கிளம்பிவிட்டது என்று பொருள். இடம்புரிச் சங்கு ஊதினால் ஊர் வந்துவிட்டது என்று பொருள். இன்னொரு வழக்கமும் உண்டு: மன்னர் வானத்தில் இருக்கும்வரை மந்திரி ஆள்வார்.

மண்டபச் சுவரில் அழகான கல்வெட்டு ஒன்று இருந்தது. 'நாரை தாமதமானால் பயணிக்குச் சோறும் படுக்கையும் மாற்று நாரையும் தரப்படும்.' நாரைகளைக் குத்தகை எடுத்தவர்கள் அரண்மனைக்கு ஓடிவந்து, இந்தக் கல் தங்களைக் கொல்கிறது என்று அழுதார்கள். மன்னர் விண்ணளந்தார் இளகிய மனம் படைத்தவர். கல்லில் ஓர் எழுத்தைக்கூட அவர் தொடவில்லை. நாரை விழித்திருந்தாலும் தூங்கினாலும் சங்கைக் குறித்த நேரத்தில் ஊதிவிட வேண்டும் என்று மட்டும் ஆணையிட்டார். அன்றே நாட்டில் தாமதம் ஒழிந்தது! ஊரெங்கும் தோரணம் கட்டினார்கள்.

அடுத்த ஆணை: வானத்தில் பறப்பவர்களுக்குத் தரையிலிருந்து சோறு கொடுப்பது இயற்கைக்கு விரோதம். அதற்கடுத்த ஆணை: சங்கு ஊதியபின் மண்டபத்தை விட்டு வெளியேறுவது நடுவானிலிருந்து குதிப்பதற்குச் சமம். பயணிகளின் உயிரைக் காக்க வாசலில் ஈட்டிக்காரர்களை நிறுத்தினார்கள்.

இந்த மண்டபத்துக்குத்தான் எழிலி என்ற மணப்பெண் தன் தாய்மாமனோடு வந்து மாட்டிக்கொண்டாள். மலைக்கு அந்தப் பக்கம் கீழ்மலையில் மறுநாள் காலை அவளுக்கு முகூர்த்தம். மலையைச் சுற்றிக் குதிரைத் தேரில் போனால் ஓர் இரவுப் பயணம். மாட்டு வண்டி என்றால் கல்யாணத்தை மறந்துவிட வேண்டியதுதான். அன்று உண்மையாகவே பறந்த ஒரே நாரையில் அவளுடைய கூறைப் புடவை மூட்டை வேறு ஏதோ ஊருக்குப் போய்விட்டது.

"ஐயா, நாரை எப்பங்க கிளம்பும்?" என்று சங்கு அதிகாரி பொறுமைநாதரைக் கேட்டாள்.

"காலையிலேயே கிளம்பிவிட்டது அம்மணி. தற்போது தாங்கள் மேகங்களுக்கு மேலே இருக்கிறீர்கள்."

"அதோ தூங்குதே, அது என்ன?"

"நடுவானில் அப்படியெல்லாம் எட்டிப் பார்க்கக் கூடாது. தலை சுற்றும்."

மாமா பல்லைக் கடித்தார். "பொண்ணு, இவன்கிட்டப் பேசிப் புண்ணியமில்ல."

அப்போது வெளியே மேளம் வெடித்தது. தாமதமில்லா நாட்டின் பெருமையைத் தாமே அனுபவிக்க மன்னர் தேரில் வந்து இறங்கினார்! வெண்குடை, சாமரம், பின்னால் பவ்யமாக மந்திரி மதியூகனார். மன்னர் மண்டபத்தில் அமர்ந்ததும் மந்திரி கண்ணைக் காட்டினார். வலம்புரி முழங்கியது. மந்திரி கையசைத்து விடைகொடுத்துவிட்டு, இரண்டிரண்டு படியாக இறங்கி அரண்மனைக்கு ஓடினார்.

மன்னர் காத்திருந்தார். நாரை தலையை இறகுக்குள் இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டது.

"ஏனய்யா பறக்கவில்லை?"

"பறந்துகொண்டுதான் இருக்கிறோம், மன்னா."

மன்னருக்குப் பசித்தது. சோறு கேட்டார், இரண்டாவது ஆணையைப் படித்துக் காட்டினார்கள். எழுந்து போகப் பார்த்தார். ஈட்டிகள் குறுக்கே விழுந்தன. கல்வெட்டைக் காட்டிக் கத்தினார்.

"அது தாமதமானால்தான்," என்றார் பொறுமைநாதர் பணிவாக. "தங்கள் நல்லாட்சியில் தாமதம் ஏது?"

எழிலிக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. பொழுது சாயத் தொடங்கியிருந்தது. அவள் கண் ஆணியில் தொங்கிய இடம்புரிச் சங்கின் மேல் விழுந்தது. பாய்ந்து எடுத்தாள், கன்னம் புடைக்க ஊதினாள். மண்டபமே அதிர்ந்தது!

பொறுமைநாதர் சங்கைப் பிடுங்க ஓடிவந்தார். ஆனால் வழக்கம் வழக்கம்தான். யார் ஊத வேண்டும் என்று எந்த ஆணையிலும் இல்லை. "பயணிகளே, கீழ்மலை தங்களை வரவேற்கிறது," என்றார். ஈட்டிகள் விலகின. ஓவென்று கத்திக்கொண்டு கூட்டம் வாசலுக்குப் பாய்ந்தது.

மன்னர் பெருமூச்சு விட்டார். "அப்பாடா! நான் அரண்மனைக்குப் போகிறேன்."

"மன்னிக்க வேண்டும். தாங்கள் இருப்பது கீழ்மலை. இங்கே ஏது அரண்மனை? தலைநகருக்கு அடுத்த நாரையில் இடம் பிடித்துத் தருகிறேன்," என்று பொறுமைநாதர் மறுபடி வலம்புரியைக் கையில் எடுத்தார்.

வெளியே மன்னரின் தேர் நின்றது. எழிலி மாமாவை இழுத்துக்கொண்டு ஏறினாள். தேரோட்டி பதறினான். "அம்மா, இது ராஜா தேரு!"

"ராஜா எங்கே இருக்காருன்னு காதுல விழுந்துச்சுல்ல? இப்பதான அறிவிச்சாங்க?"

"கீழ்மலைக்குப் போய்ச் சேர்ந்துட்டாருன்னாங்க."

"அப்ப அவருக்குத் தேர் அங்கதான வேணும்? விடுங்க வண்டியை!"

விசுவாசமான தேரோட்டி. குதிரைகள் பறந்தன. அந்த நாட்டில் அன்று சரியான ஊருக்குப் பறந்தவை அவைதான். முகூர்த்தத்துக்குச் சற்று முன்னால், புழுதி படிந்த பழம்புடவையோடு எழிலி மணவறையில் போய் உட்கார்ந்தாள்.

மன்னர் இன்னும் பயணத்தில்தான் இருக்கிறார். இப்போது ஆள்பவர் மதியூகனார். பயணிகளின் குறைகளை நேரில் கேட்டறிய அவரும் புறப்பாட்டு மண்டபத்துக்கு வரப்போவதாக முரசு அறைந்திருக்கிறார்கள். மக்களுக்கு ஒரே உற்சாகம். வலம்புரிச் சங்கை விளக்கித் துடைத்து வைத்திருக்கிறார்கள்.