பெரியப்பாவின் கறுப்பு வெள்ளைப் பக்கம்

எங்கள் பக்கத்தில் ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு அத்தாட்சி, சுவரில் ஒட்டுகிற போஸ்டரில் அவருடைய போட்டோ கலரில் இருப்பதுதான். பாகூர் வட்டாரத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இது. இதைத் தெரிந்துகொள்ள எந்தப் படிப்பும் தேவையில்லை. மறந்து தொலைக்கத்தான் படிப்பு வேண்டும். நான் ஓவியக் கல்லூரியில் சேர்ந்து, நல்ல மதிப்பெண்ணோடு மறந்தேன்.

பத்திரிகை வடிவமைப்புதான் என்னைக் கெடுத்த பாடம். முதல் பயிற்சிக்கு நான் செய்த இதழில் ஊர்ச் சந்தை மாதிரி எல்லாம் இருந்தது. எழுத்திலேயே ஏழெட்டு வகை, ஒவ்வொன்றுக்கும் நிழல், நிழலுக்கும் ஒரு கலர். ஆசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "மூச்சு முட்டுது" என்றார். இரண்டாவது இதழில் பாதியைத் தூக்கினேன். மூன்றாவதில் ஏறக்குறைய எதையுமே காணோம். அதற்குத்தான் கைதட்டல் கிடைத்தது. வெறுமையாக விட்ட இடத்துக்குக் கூட மதிப்பெண் உண்டு என்று தெரிந்த நாளில் எனக்குத் தலை கால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து, அம்மா போட்டுக்கொண்டிருந்த கோலத்தைப் பார்த்து, "ஓரத்துல கொஞ்சம் எடம் வுடேன்மா, நெரிசலா இருக்கு" என்றேன். (அம்மா கையில் விளக்குமாறும் இருந்தது என்பதைக் கவனித்திருக்க வேண்டும்.)

கடைசி வருடத்தில், உண்மையான ஆட்கள் படிக்கும்படியாக ஓர் இதழை அச்சிட்டுக் காட்ட வேண்டும் என்றார்கள். நான் எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் செடல் திருவிழா மலரைப் பிடித்தேன்.

இதில் ஒரு குடும்ப விவகாரமும் இருந்தது. விழாக்குழுத் தலைவர் என் பெரியப்பா. அவரும் அப்பாவும் பேசிப் பல வருடம். இரண்டு பேருடைய கரும்புக்கும் ஒரே போர்மோட்டார். முறைத் தண்ணீரில் யாரோ யாரையோ ஏமாற்றியதாக ஒரு நாள் பேச்சு வளர்ந்து, அதற்குப் பிறகு பேச்சே இல்லாமல் போனது. டீக்கடையில் ஒருவர் இருந்தால் மற்றவர் சைக்கிளை மிதித்துக்கொண்டே போய்விடுவார். அந்த நேரம் பார்த்து அக்காவுக்கு ஒதியம்பட்டில் மாப்பிள்ளை அமைந்தது. பெண்ணுக்குப் பெரியப்பா என்று ஒருவர் உயிரோடு இருக்கும்போது அவர் பேர் போடாமல் கல்யாணப் பத்திரிகை அடிக்க முடியுமா? அவர் இல்லாமல் தட்டு மாற்ற முடியுமா? மாப்பிள்ளை வீட்டார் வந்தபோதெல்லாம், "பெரியப்பா வரலீங்களா?" என்று கேட்டார்கள். அப்பா ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஊருக்கு அவரை அனுப்பிவைத்தார்.

மலரை நான் செய்கிறேன் என்றதும் பெரியப்பா சரியென்று சொல்லியனுப்பினார். போட்டோ எடுக்கப் போனேன். வழக்கமாக அவர் போட்டோ என்றால் வெள்ளைச் சட்டை, கும்பிட்ட கை, பின்னால் தாமரை. நான் அவரை ஜன்னல் ஓரம் உட்காரவைத்து, கையை மடியில் வைக்கச் சொன்னேன்.

"கும்புட வேணாமா?" என்றார்.

"வேணாம் பெரியப்பா. சும்மா வெளிய பாருங்க."

வெளியே பார்த்தார். பார்த்தபடியே, "உங்கப்பன் ஒடம்பு எப்படிக்கீது?" என்று கேட்டார். "நல்லா இருக்காரு" என்றேன். அதற்கு அடுத்து எடுத்ததுதான் மலரில் போட்ட படம். கிளம்பும்போது, "செடல் முடியட்டும். வூட்டுக்கு வரேன்னு சொல்லு. பொண்ணு பத்திரிகைய ஒக்காந்து எழுதிடலாம்" என்றார்.

நான் வந்து அப்பாவிடம் சொன்னேன். மறுநாள் அவர் வாசலில் உடைந்திருந்த படியைச் சிமெண்ட் வைத்துப் பூசினார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அக்கா என்னைக் கட்டிக்கொண்டாள். நாலு பெரிய மனிதர்கள் பேசி ஆகாததை என் கேமரா சாதித்துவிட்டது. அந்தத் திமிரோடுதான் கணினி முன்னால் உட்கார்ந்தேன்.

மலரில் கோயில் வரலாறு, தேர், தீமிதி எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். தலைவருக்கான பக்கத்தில்தான் என் முழுத் திறமையையும் இறக்கினேன். பக்கம் முழுக்க வெள்ளை. நடுவில் பெரியப்பா, கறுப்பு வெள்ளையில். பாதி முகத்தில் வெளிச்சம், பாதி இருட்டு, கண் எங்கோ தூரத்தில். படத்தைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு. மேலே ஒரே வரி: "இந்த ஊர் உங்களை மறக்காது." கீழே அவர் பெயர். பெயருக்குக் கீழே பிறந்த வருடம், பக்கத்தில் ஒரு சின்னக் கோடு. கல்லூரி நூலகத்தில் இருந்த வெளிநாட்டு இதழ்களில் கலைஞர்களை அப்படித்தான் அறிமுகம் செய்வார்கள். கோட்டுக்கு அப்புறம் காலியாக இருந்தால் வாழ்க்கை தொடர்கிறது என்று பொருளாம். நான் கண் கலங்கிப்போய் அதை ரசித்தேன்.

ஆசிரியரும் ரசித்தார். "இதுல ஒரு புள்ளியக்கூட மாத்தாத" என்றார். அவர் வீட்டுப் பக்கம் சுவரில் போஸ்டரே ஒட்ட மாட்டார்கள் போலிருக்கிறது. விழாக்குழுச் செயலாளர் அச்சுக்குப் போகும் முன் ஒரு தடவை பார்க்கிறேன் என்று கேட்டார். "சர்ப்ரைஸ்" என்று சொல்லிவிட்டேன். அச்சகக்காரர் மட்டும் அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "நீயே அலைஞ்சி பாத்துக்கிறியேம்மா, பாவம்" என்று சொல்லி, காகித விலையிலும் குறைத்துக்கொண்டார். ஓவியம் படிக்கும் பெண்களின் கஷ்டம் புரிந்த மனிதர் என்று நினைத்து அவரைக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

செடல் அன்று காலை கட்டுகள் வந்து இறங்கின. மாலையில் கோயிலில் வெளியீடு. எனக்கு மாலை வரை பொறுக்கவில்லை. அந்த ஒரு பக்கத்தை மட்டும் போனில் படமெடுத்து, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன். ஒரு வார்த்தை எழுதவில்லை. நல்ல வடிவமைப்பு தானே பேச வேண்டும் என்பார் ஆசிரியர்.

பேசியது. குளித்துவிட்டு வருவதற்குள் எல்லோரிடமும் பேசியிருந்தது.

எங்கள் ஊரில் காப்புக் கட்டிவிட்டால் சாவு விழக்கூடாது. விழுந்துவிட்டால் பிணம் எடுக்கும் வரை கோயில் நடை சாத்திவிடுவார்கள், மேளம் நின்றுவிடும். அன்று பெரியப்பா கையில் காப்பு. முதுகில் செடல் கொக்கி குத்திக்கொள்ளப் பிள்ளைகள் குளத்தில் முழுகி ஈரத்தோடு நிற்கிறார்கள். பூசாரி நடையைச் சாத்திப் பூட்டு போட்டுவிட்டார். பம்பைக்காரர்கள் பம்பையை மடியில் வைத்துக்கொண்டு பீடி பற்றவைத்தார்கள். செத்துப்போன தலைவரோ எதுவும் தெரியாமல், மஞ்சள் வேட்டியோடு, விரதத்துக்கு நீர்மோர் குடித்துக்கொண்டு தன் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தார். போன் பூசை அலமாரியில் இருந்தது.

நான் ஓடிப்போய்ச் சேர்வதற்கும், சுத்துக்கேணியிலிருந்து அத்தை வேனில் வந்து இறங்குவதற்கும் சரியாக இருந்தது. அத்தை, பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே தங்கை. கையில் ஆள் உயர ரோஜா மாலை. தெருமுனையிலேயே மார்பில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

"எண்ணா... என்ன வுட்டுட்டுப் போயிட்டியே எண்ணா... மாலையும் கையுமா வந்தேனே, மூஞ்சப் பாரு எண்ணா..."

பெரியப்பா டம்ளரோடு வாசலுக்கு வந்தார். "யாருடி போயிட்டது?" என்று கேட்டார், அவரும் பதறிப்போய்.

அத்தை அவரைப் பார்த்தாள். ஆனால் ஒப்பாரி என்பது பிரேக் போட்டதும் நிற்கிற வண்டியில்லை. அவர் முகத்தைப் பார்த்தபடியே இன்னும் இரண்டடி பாடிவிட்டுத்தான் நிறுத்தினாள். பிறகு, "நீ இன்னா இங்க நிக்கிற?" என்று கேட்டாள்.

"என் வூட்ல நான் நிக்காம வேற எவன் நிப்பான்?"

தெருவில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும் முடித்துவைத்தது. அத்தை மகன் போனை நீட்டினான். பெரியப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு தன் பக்கத்தை நிதானமாகப் பார்த்தார். மேலே இருந்த வரியை வாய்விட்டுப் படித்தார். வருடத்தில் விரல் வைத்தார். அதற்குப் பக்கத்தில் இருந்த கோட்டிலும் வைத்தார்.

"இந்தக் கோடு இன்னாத்துக்கு?"

"வாழ்க்கை தொடருதுன்னு அர்த்தம் பெரியப்பா" என்றேன். இன்றைக்கும் நடு ராத்திரியில் இந்தப் பதில் ஞாபகம் வந்தால் தலையணையில் முகத்தை அழுத்திக்கொள்கிறேன்.

அப்பா அதற்குள் வந்துவிட்டார். செய்தி கேட்டு, கழனியிலிருந்து சேற்றுக்காலோடு ஓடிவந்திருந்தார். முகமெல்லாம் அழுத ஈரம். அண்ணன் நிற்பதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். "அண்ணே" என்றார். பல வருடத்துக்குப் பிறகு அந்த ஒரு வார்த்தை.

பெரியப்பா சேற்றைப் பார்க்கவில்லை, ஈரத்தையும் பார்க்கவில்லை.

"பொண்ண வுட்டு எழவு சொல்ல வச்சிட்ட. நல்ல நாளு, காப்பு கட்டுன கை. நான் போனா மோட்டாரு உனக்குன்னு பாத்தியா?"

பெரியப்பா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மாலை மட்டும் வாசலில் கிடந்தது. சாவுக்கென்று வந்த மாலையைத் திருப்பி எடுத்துப்போகவும் கூடாது, உயிரோடு இருப்பவர் வீட்டில் வைக்கவும் கூடாது. யார் தொடுவது என்று பெரிய வழக்கு. கடைசியில் அப்பாதான் அதைத் தூக்கிக்கொண்டு போய் ஏரியில் விட்டுவிட்டு வந்தார்.

நடை திறந்து செடல் நடந்தது; மலர் மட்டும் வெளியிடப்படவில்லை. கட்டுகள் எங்கள் வீட்டுப் பரணில் ஏறின. அக்காவின் பத்திரிகையில் பெரியப்பா பேர் இல்லை. தட்டு மாற்ற அம்மா வழியில் தூரத்து மாமா ஒருவரை நிறுத்தினோம். மாப்பிள்ளை வீட்டார் அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கல்யாணத்தன்று போட்டோகிராபர், "பொண்ணோட பெரியப்பா வாங்க" என்று மைக்கில் கூப்பிட்டபோது மேடையில் அக்கா என்னைத்தான் பார்த்தாள். நான் பாயசம் பரிமாறப் போய்விட்டேன்.

கல்லூரியில் எனக்கு முதலிடம். நடந்ததை ஆசிரியரிடம் சொன்னேன். "பாத்தியா, எவ்வளவு தாக்கம்!" என்றார். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. என்னையும் இல்லை, ஆனால் அவரைக் கூடுதலாக.

இப்போது சென்னையில் ஒரு பத்திரிகையில் பக்கம் வடிவமைக்கிறேன். நன்றாகச் செய்கிறேன் என்றுதான் சொல்கிறார்கள். யார் என்ன படம் கொண்டுவந்தாலும் முதலில் ஒன்று கேட்பேன்: "ஆள் இருக்காரா?" அலுவலகத்தில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், ஓரத்தில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதையெல்லாம் கல்லூரி சொல்லிக்கொடுத்தது. பக்கத்தைப் பிரிக்கப்போகிறவர் எந்தத் தெருவில், எந்தச் சுவரைப் பார்த்து வளர்ந்தவர் என்று கேட்கச் சொல்லிக்கொடுக்கவில்லை. அதற்கு எங்கள் குடும்பம் கட்டணம் கட்டியது.

போன வருடம் பெரியப்பா செத்துப்போனார். இந்த முறை நிஜமாகவே. அப்பாவோடு கடைசி வரை பேசவில்லை. அவர் மகன் குமரன் அண்ணன் எனக்குப் போன் செய்தார். கல்யாணத்துக்குக்கூட வராதவர்.

"தேனு, அந்தப் பக்கம் உங்கிட்ட இருக்கா?"

"எதுக்குண்ணா அது? வேற நல்ல போட்டோ நெறைய இருக்குமே."

"இருக்குது. எல்லாத்துலயும் கும்புட்டுக்கினே நிக்கிறாரு. இதுல ஒண்ணுலதான் அவரு அவரா இருக்காரு. எதுவும் மாத்தாத. கோட்டுக்கு அந்தாண்ட வருஷத்த மட்டும் போட்டு அனுப்பு, போஸ்டர் அடிக்கணும்."

போட்டு அனுப்பினேன். என் தொழில் வாழ்க்கையில் ஒரு திருத்தமும் சொல்லாமல் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரே பக்கம் அதுதான்.

சாவுக்கு நாங்கள் போனபோது பாகூர் கடைத்தெருவிலிருந்தே சுவரெல்லாம் பெரியப்பா. எடுத்து முடித்துத் திரும்புகையில் அப்பா கழனிப் பக்கம் நடந்தார். நானும் பின்னால் போனேன். மோட்டார் கொட்டகைச் சுவரிலும் ஒன்றை ஒட்டியிருந்தார்கள், பசை இன்னும் காயவில்லை. அப்பா அதன் முன்னால் போய் நின்றார். ஒரு மூலை மடங்கியிருந்தது. அதை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துச் சரிசெய்தார்.

"நல்லாத்தாம்மா போட்டிருக்க" என்றார். "கொஞ்சம் முந்திப் போட்டுட்ட."

அக்காவிடம் நான் இதைச் சொல்லப்போக, அது இப்போது வீட்டில் பழமொழியாகிவிட்டது. பஸ் வருவதற்கு முன்பே ரோட்டுக்குப் போய் நின்றாலும், பருப்பு வேகும் முன் புளியைக் கரைத்து ஊற்றினாலும், அக்கா பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள்: "சித்தி மாதிரி கொஞ்சம் முந்திட்ட." எல்லோரும் சிரிக்கிறோம். அப்பாவும்தான். ஆனால் மோட்டார் கொட்டகையில் அதை முதன்முதலில் சொன்ன அன்று அவர் சிரிக்கவில்லை.