சீட்டாட்ட அறையில் சாமை

சொன்ன வேலையை மட்டும் செய்கிறவனுக்கு அரசாங்க உத்தியோகத்தில் ஓர் ஆபத்தும் கிடையாது. கேட்காமலே யோசனை சொல்கிறவன்தான் மாட்டுவான். என் உத்தியோக காலம் முழுவதிலும் நான் கேட்காமல் சொன்ன யோசனை ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்றே போதுமானதாக இருந்தது.

எண்பதுகளின் தொடக்கம். ஜவ்வாது மலைமேல் ஒரு சிற்றூரில் தற்காலிக ஓவர்சியராக இருந்தேன். ஒடுகத்தூரில் பெண் பார்த்து முடித்திருந்தார்கள். பெண்ணின் அப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். "வேலை பர்மனென்ட் ஆவட்டும் மாப்ள, தை மாசமே வெச்சிக்கலாம்." அதிலிருந்து ஜீப் சத்தம் கேட்டாலே எழுந்து நின்றுவிடுவேன். (மலையில் அன்றைக்கு ஓடியதே இரண்டு ஜீப். இரண்டும் என் ஆபீஸுக்குத்தான் வரும்.)

ஊர் நடுவில் ஒரு பூங்கா இருந்தது. பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஓர் ஊஞ்சல், ஒரு சறுக்கு மரம், இரண்டு சிமெண்ட் பெஞ்சு, மற்றபடி வெறும் தரை. பூங்கா ஆவதற்கு முன்னாலிருந்தே மலைக்காரர்கள் அங்கேதான் சாமைக் கதிர் அடிக்கிறார்களாம். அந்த இடத்தில் மனமகிழ் மன்றம் கட்ட வேண்டும் என்று புளி மண்டி ராஜமாணிக்கம் கிளம்பினார். கீழே இருந்து வந்த வியாபாரிகளும் சில அதிகாரிகளும் சாயங்காலமானால் சீட்டாட ஒரு கட்டடம். "மன்றம் வரட்டும் தம்பி, பெரியவங்ககிட்ட சொல்லி உன்ன பர்மனென்ட் பண்ணிர்றேன்" என்று அவர் என் தோளில் கை போட்டபோது, எனக்கு மேளச் சத்தமே கேட்டது.

ஊரில் எதிர்ப்பு கிளம்பியதால் சப்-கலெக்டர் எல்லோரையும் பூங்காவில் கூட்டிவைத்துக் கேட்டார். முதலில் எழுந்தவர் குப்பம்மா. மேட்டில் சாமை விதைக்கிறவர். குரல் அடுத்த மலை வரைக்கும் போகும்.

"ஊரு எடத்துல நாலு பேரு சீட்டாட வூடு கட்டுனா, எங்க புள்ளைங்க எங்க ஆடும்? நாங்க சாமைய எங்க அடிக்கறது?"

"பூரா பார்க்கையுமா கேக்கறோம்? ஒரு மூலைதாம்மா" என்றார் ராஜமாணிக்கம்.

"ஒரு மூலைன்னா எம்மாம் பெருசு?"

"சின்ன மூலை."

"அதுல எங்களையும் சேத்துப்பீங்களா?"

"தாராளமா. சந்தா கட்டணும்."

கூட்டம் சிரித்தது, பிறகு கத்தியது. சப்-கலெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தை மாசம் என் கையை விட்டு நழுவுவதுபோல இருந்தது. அந்தப் பதற்றத்தில்தான் என் வாய் தானாகத் திறந்தது.

"சார், கட்டடம் வர்ற இடத்தைத் தரையிலயே சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டிட்டா, எவ்வளவு சின்னதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும்."

"நல்ல யோசனை" என்றார் அவர். "வியாழக்கிழமை வந்து பார்க்கிறேன். பார்த்துவிட்டுத்தான் முடிவு."

புதன்கிழமை மத்தியானம் கயிறும் சுண்ணாம்பும் எடுத்துக்கொண்டு போனேன். அதற்குள் ராஜமாணிக்கம் வரைபடத்தில் பந்தடிக்க ஓர் இடம், சமையலறை, விருந்தாளிகளுக்கு அறைகள், கார் நிறுத்தக் கொட்டகை எல்லாம் சேர்த்திருந்தார். காகிதத்தில் இருந்ததை அப்படியே போட்டேன். மூலையில் ஆரம்பித்த கோடு பெஞ்சைத் தாண்டி, ஊஞ்சலுக்கு அடியில் புகுந்து, எதிர் வேலிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அங்கே சுண்ணாம்பும் தீர்ந்தது, பூங்காவும் தீர்ந்தது. (சறுக்கு மரத்தில் ஏறிச் சறுக்கினால் நேராகச் சமையலறையில் போய் விழலாம்.)

மண்டிக்கு ஓடினேன். "ரொம்பப் பெருசா தெரியுது சார்" என்றேன்.

"கோடு போட்டா அப்டித்தான் தெரியும். சுவரு வந்தா சின்னதாயிடும்" என்றார். கட்டட வேலை படித்த நான் அதற்கும் தலையை ஆட்டினேன்.

திரும்பி வந்து கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தேன். வேலி ஓரத்தில் குப்பம்மா நின்றிருந்தார்.

"இன்னா சார், ஆளுக்கொரு கட்டமா?"

இருந்த கவலையில் அவரை அனுப்பினால் போதும் என்று, "ஆமாம்மா, ஆமாம்" என்றேன்.

அன்றிரவு நான் தூங்கவில்லை. காலையில் பூங்காவுக்குப் போனவன் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். ஒவ்வோர் அறையிலும் ஒரு சாமைக் குவியல். கூடத்தில் கதிர்க்கட்டு. பந்தடிக்கும் இடத்தில் பெண்கள் முறத்தால் தூற்றிக்கொண்டிருந்தார்கள். சமையலறையில் இரண்டு மாடுகள் சுற்றிச் சுற்றிக் கதிர் மிதித்தன.

"என்னம்மா இது?" என்றேன்.

"நீங்கதான சார் ஆளுக்கொரு களம்னு கோடு போட்டுக் குடுத்தீங்க" என்றார் குப்பம்மா. "நல்லா இருக்கணும் நீங்க."

"எடுத்துடுங்கம்மா. உங்க கால்ல வேணா விழறேன். என் வேலை போயிடும், கல்யாணம் நின்னுடும்."

"தானியத்த குவிச்சு, பொலி போட்டு சாமி கும்புட்டாச்சே சார். அளந்து முடிக்கறவரைக்கும் நவுத்தக் கூடாது."

ஜீப் வந்தது. பளபளக்கும் செருப்போடு ராஜமாணிக்கம் முதலில் இறங்கிக் கோட்டைத் தாண்டப் போனார். குப்பம்மா குறுக்கே வந்து நின்றார்.

"செருப்ப கழட்டிட்டு வாங்க. களத்துல செருப்புக் காலு ஆவாது."

ராஜமாணிக்கம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பின்னாலிருந்த சப்-கலெக்டர் குனிந்து ஷூவின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார். பிறகு ராஜமாணிக்கமும் கழற்றினார். சப்-கலெக்டரே வெறுங்காலோடு நிற்கும்போது அதைக் களம் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

"எது எந்த அறைன்னு சொல்லுங்க" என்றார் அவர் என்னிடம்.

வரைபடத்தைப் பிரித்தேன். "இது சீட்டாட்ட அறை சார்." மூன்று கோழிகள் அதில் சாமை பொறுக்கிக்கொண்டிருந்தன.

"இது?"

"சமையலறை சார்." அந்த நேரம் பார்த்து ஒரு மாடு சாணி போட்டது. ஊரே சிரித்தது.

"ஒரு மூலைதான்னு சொன்னாங்களே. இதுல எந்த மூலை மிச்சம்?" என்றார் சப்-கலெக்டர்.

நான் உண்மையிலேயே தேடினேன். கோட்டுக்கு வெளியே ஒரே ஓர் இடம்தான் இருந்தது. "உங்க ஷூ இருக்கிற இடம் சார்" என்றேன்.

கிண்டல் செய்யும் தைரியமெல்லாம் எனக்கு ஏது? பதில்தான் சொன்னேன். சப்-கலெக்டர் முதலில் என்னைப் பார்த்தார், பிறகு ஷூவைப் பார்த்தார், பிறகு வாய்விட்டுச் சிரித்தார். ராஜமாணிக்கம் சிரிக்கவில்லை.

பூங்காவில் மன்றம் கூடாது என்று அங்கேயே முடிவானது. அடுத்த மாதம் என்னைச் செங்கத்துக்கு மாற்றினார்கள், அதே தற்காலிக வேலையில். தை வந்து போனது. மாமனார் நல்லவர், முகூர்த்தத்தை ஆவணிக்குத் தள்ளினாரே தவிர மாப்பிள்ளையை மாற்றவில்லை. ஆனால் அந்த ஏழு மாதமும் தபால்காரரைக் கண்டால், சம்பந்தம் வேண்டாம் என்று கடிதம் வந்துவிட்டதோ என்று வாசலுக்கு ஓடுவேன்.

பல வருஷம் கழித்து ஒடுகத்தூர் பஸ் ஸ்டாண்டில் புளி மூட்டையோடு நின்ற குப்பம்மாவைப் பார்த்தேன். பக்கத்தில் என் மனைவி. யாரென்று சொன்னதும், "உங்களாலதான் எங்க கல்யாணமே தள்ளிப் போச்சுங்க" என்றாள் அவள்.

நான் பெருந்தன்மையாக நடுவில் புகுந்தேன். "பாவம், அவங்களுக்கு என்ன தெரியும்? அது கட்டடத்துக்குப் போட்ட கோடுன்னு தெரியாம களம்னு நெனச்சிட்டாங்க."

குப்பம்மா என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"எழுதப் படிக்கத்தான் சார் தெரியாது. கோடு கூடவா தெரியாது?"

என் மனைவி சிரித்த சிரிப்பில் நாங்கள் ஏற வேண்டிய பஸ் போய்விட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் யாருக்கு எதை விளக்க ஆரம்பித்தாலும் இந்த ஒரு வரிதான் பதில். மகள் சொன்னாள், மருமகன் சொன்னார். போன வாரம் பேத்தியிடம், மாம்பழத்தை எப்படிச் சிந்தாமல் சாப்பிடுவது என்று ஆரம்பித்தேன். இன்னும் பள்ளிக்கூடமே போகாத பிள்ளை, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்கிறது: "கோடு கூடவா தெரியாது தாத்தா?"