வீட்டுக்காரம்மா தந்த அனுமதி

இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் கடற்கரையோரம் நாலு வீடு கொண்ட ஒரு கட்டடம். மேல்மாடி லயனலுடையது. உடையது என்றால் முழுசாக அல்ல. தொண்ணூற்றொன்பது வருஷ லீஸ். மண்ணும் கட்டடமும் லண்டனில் இருக்கும் நிலக்காரருடையவை. அந்தத் தொண்ணூற்றொன்பதில் முப்பத்தாறு ஏற்கெனவே கரைந்தாயிற்று. மற்ற வீட்டுக்காரர்கள் புலம்பினார்கள். லயனலோ லீஸ் பத்திரத்தை வேதமாக மதித்தார். காரணம், பதினேழாம் விதி: நிலக்காரர் அனுமதியின்றி நாய் வளர்க்கக் கூடாது.

மனைவி டோரீன் வாரம் தவறாமல் கேட்டாள்.

"ஏங்க, காப்பகத்துல மஃபின்னு ஒரு கிழ நாய். யாரும் சீண்ட மாட்டேங்கறாங்க."

"எனக்கென்ன, நாளைக்கே கூட்டிட்டு வருவேன். சட்டம் விடணுமே!"

"அனுமதி கேட்டுப் பாருங்களேன்."

"கீழ்வீட்டு மேவிஸ் ஒரு கிளி வளர்க்கக் கேட்டதுக்கே முடியாதுன்னவரு அவரு!"

ஒருநாள் டோரீன் ஒரு காகிதத்தை நீட்டினாள். "நாலு வீடும் சேர்ந்து லீஸைச் சரி பண்றோம். தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொன்பது வருஷம் ஆயிடும்."

பதினேழாம் விதிக்கும் அத்தனை ஆயுசா! லயனல் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

சில மாதம் கழித்து அவளே சமாதானத்துக்கு இறங்கி வந்தாள். "கடைசியா ஒரு தடவை நிலக்காரருக்கு எழுதுங்க, தபால்ல நான் சேர்க்கறேன். மறுத்துட்டா நாய்ப் பேச்சே எடுக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

எப்படியும் மறுப்பார்கள் என்ற தைரியத்தில் லயனல் உருகி உருகி எழுதினார். 'நாயின்றி எங்கள் இல்லம் வெறிச்சோடிக் கிடக்கிறது' என்று எழுதியபோது அவரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. 'தங்கள் கடிதம் நெஞ்சைத் தொட்டது. அனுமதி அளிக்கிறோம். நாலு வீட்டு நிலக் கம்பெனிக்காக, இயக்குநர் டோரீன்.'

"நீயா?"

"நானேதான். அன்னைக்கு நீங்க கையெழுத்துப் போட்டது, நாம நாலு வீட்டுக்காரங்களும் சேர்ந்து ஒரு கம்பெனி வச்சு நிலத்தையே வாங்குற பத்திரம். படிச்சிருக்கலாம்."

"எனக்கு நாய் வேண்டாம், டோரீன்."

"தெரியும். பழைய வீட்டுல நம்ம நாய் ரஃபஸ் செத்தப்ப, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு உள்ள அழுதீங்க. வெளியில நின்னு நானும் அழுதேன். தண்ணிச் சத்தத்துல உங்களுக்குக் கேக்கல."

லயனல் அந்த அனுமதிக் கடிதத்தை மடித்தார்.

"இதுவும் போயிடுமே."

"போகும். அதுவரைக்கும் இருக்கட்டுமே."

சனிக்கிழமை மஃபின் வந்தது. ஒரு கண் மங்கல். வீட்டை ஒரு சுற்று மோந்து பார்த்துவிட்டு, லயனலின் பாதத்தில் தாடையை வைத்துத் தூங்கிப்போனது. இரண்டு மணி நேரம் அவர் காலை அசைக்கவில்லை.

"ஏங்க, டீ ஆறுது."

"மெதுவாப் பேசு. தூங்குதில்ல!"

டோரீன் கோப்பையைக் கையிலேயே கொண்டுவந்து கொடுத்தாள். "தினமும் காலையில ஆறு மணிக்கு அதை நடக்கக் கூட்டிட்டுப் போறது நீங்கதான்."

"இந்தக் குளிர்லயா? யார் சொன்னது?"

"வீட்டுக்காரம்மா."