வெளுக்காத கறுப்பு

மண்டபத்தில் இருந்தவர்கள்: தோலில் வெண்திட்டு விழுந்தவர்கள் இருநூறு பேர். அவர்களை இழுத்து வந்த சொந்தக்காரர்கள் அதற்கு இரண்டு மடங்கு. மேடையில் நிறவள்ளல். மூன்றாம் வரிசையில் அழகுநிலையம் நடத்தும் ஒருத்தியும் அவள் தங்கையும். மூளையையும் கூட்டி வந்தவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை.

வள்ளல் இரண்டு புட்டிகளைத் தூக்கிக் காட்டினார்.

“இது ஆலையில செஞ்ச மெலனின். செத்த கறுப்பு. இது நான் காளான்லயும் செடியிலயும் எடுத்தது. உங்க தோல்லயும் முடியிலயும் இருக்கே, அதே கறுப்பு. உயிருள்ளது! பூசுங்க. மூணு வாரம் தண்ணி படக்கூடாது. டாக்டர் மருந்தைத் தொட்டா இது கோவிச்சுக்கும்.”

கோபித்துக்கொள்ளும் களிம்பு! கைதட்டலில் கூரை அதிர்ந்தது.

தங்கை அவர் பேச்சைக் கேட்டு மருந்தை நிறுத்தி இரண்டு மாதம். விரலில் இருந்த திட்டு இமைக்கு ஏறிவிட்டது. அதை மறைத்துக்கொண்டு பூச்சு.

அக்கா பையோடு மேடையேறினாள்.

“ஐயா, முடியில இருக்கிறதேதான் இதுலயும் இருக்குன்னீங்க. முடியை நான் தினமும் வெளுக்கிறவ. இதையும் வெளுத்துப் பாக்கட்டுமா?”

“தாராளமா பாரும்மா!”

ஒரு கிண்ணத்தில் தன் முடியை வெட்டிப் போட்டாள். ஒன்றில் ஆலைக் கறுப்பு. ஒன்றில் வள்ளலின் கறுப்பு. நான்காவதில் பையிலிருந்து எதையோ போட்டாள். எல்லாவற்றிலும் முடி வெளுக்கும் மருந்தை ஊற்றி, நான்காவதை மட்டும் மூடினாள்.

அரை மணி நேரம். முடி வைக்கோல் நிறமானது. ஆலைக் கறுப்பும் வெளிறியது. வள்ளலின் கறுப்பு அப்படியே இருந்தது.

“பாத்தீங்களா சக்தியை! அசையுதா?”

கூட்டம் எழுந்து கும்பிட்டது.

“கும்பிட்டு முடிச்சாச்சா?” என்றாள் அவள். “என் தலையில வளந்தது வெளுத்துருச்சு. ஆலையில செஞ்சதும் வெளுத்துருச்சு. நிஜ மெலனின்னா வெளுக்கும். உங்களுது ஏன் வெளுக்கல?”

நான்காவது கிண்ணத்தைத் திறந்தாள். கன்னங்கரேல்.

“இந்த மண்டபத்து ஜெனரேட்டர் புகைக்குழாய்ல வழிச்ச கரி. இதுவும் அசையல. இதையும் கும்பிடுங்க.”

வள்ளல், “கை கழுவிட்டு வரேன்” என்று மேடைக்குப் பின்னிருந்த அறைக்குள் நழுவினார்.

முன்வரிசைக்காரர் புட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார். “கரியாவே இருக்கட்டும். உயிருள்ள கரியா இருக்கலாமில்ல?”

முகத்துக் கரியைக் கழுவத் தண்ணீர் போதும். மூளையில் படிந்த இந்தக் கரியை அவரவரே யோசித்துத்தான் கழுவ வேண்டும்.

தங்கை இமையைத் துடைத்தாள். விரல் கறுத்தது.

“அக்கா, போலீசுக்குப் போன் போடு. அப்புறம் டாக்டர்கிட்ட போவோம்.”

நேரே நடந்தாள். வள்ளல் நுழைந்த அறைக்கதவை இழுத்துச் சாத்தி, வெளியே தொங்கிய பூட்டைப் போட்டுப் பூட்டினாள்.